சிறு பிழைகள் அல்ல

தேர்வுக் கட்டணம், விடுப்பு விண்ணப்பம், வருகைப் பதிவு எல்லாவற்றுக்கும் இனி ஒரே செயலி என்று கல்லூரியில் அறிவித்த ஆண்டு அது. முதுகலை வகுப்பு மாணவி ஒருத்தி தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். திரையின் உச்சியில் 'வணக்கம்' என்றிருந்தது. அதை அடுத்து அவளுடைய அப்பாவின் பெயர்.

பெயர் கேட்கும் பக்கத்தில் இரண்டு கட்டங்கள்: முதல் பெயர், கடைசிப் பெயர். இரண்டிலும் சிவப்பு நட்சத்திரக் குறி. நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. நம் ஊரில் பெரும்பாலோருக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியலைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒற்றை எழுத்தை ஏற்க முடியாது என்று செயலி மறுத்துவிட்டது. அப்பா பெயரை முழுதாகப் போட்டாள், ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து அவளை அப்பா பெயரால்தான் கூப்பிடுகிறது. அவள் அருகில் இருந்தவளுக்குத் திருமணமாகியிருந்தது. அவளைக் கணவன் பெயரால் கூப்பிட்டது. இரண்டு பேரும் படிப்பது பெண்ணியத் திறனாய்வுத் தாள்.

"ஒரு ஸ்டார் குடுத்து 'வேஸ்ட் ஆப்'னு போட்டேன் அம்மா. ராத்திரியே அழிச்சிட்டேன்" என்றாள்.

"ஏம்மா அழிச்சே?"

"என் பேரு, போட்டோ எல்லாம் அதுல தெரியுது. டிபார்ட்மென்ட்ல யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"

இந்தச் சிறு உரையாடலில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, அவள் எழுதியது விமர்சனமாக இல்லை. 'வேஸ்ட்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு அந்தச் செயலியை உருவாக்கியவர் எதையும் திருத்த முடியாது. இரண்டு, அவள் எழுதியது அத்தனை மொட்டையாக இருந்தும் அதற்கே அவள் பயந்தாள். குறையைச் சரியாகச் சொல்லும் பயிற்சியும், குறை சொல்வதற்கான துணிவும் நம்மில் பலருக்கு ஒருசேரக் கிடைப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பற்றியது.

குறை சொல்வதற்குத் தமிழில் ஒரு மூத்த மாதிரி இருக்கிறது. திருவிளையாடல் கதையில் வரும் நக்கீரர். எதிரே நிற்பது இறைவனே என்று தெரிந்த பின்னும் பாட்டில் உள்ள குற்றத்தைக் குற்றம் என்று சொன்னவர். இலக்கிய வகுப்புகளில் விமர்சன நேர்மைக்கு அவரைத்தான் எடுத்துக்காட்டுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். ஒரு நாள் வகுப்பில் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. அந்த வழக்கு எதைப் பற்றியது? பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா இல்லையா என்பதைப் பற்றியது. ஐயம் கொண்டவன் பாண்டியன். பாட்டைக் கொண்டுவந்தவன் தருமி. எழுதிக் கொடுத்தவர் சிவன். மறுத்தவர் நக்கீரர். கூந்தலுக்கு உரியவள் அரண்மனையில்தான் இருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. விமர்சன நேர்மைக்கு அந்தக் கதை இன்றும் எடுத்துக்காட்டுதான். ஆனால் யாரை அழைத்துக் கேட்க மறந்தார்கள் என்பதையும் சேர்த்தே அதைக் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

இதைப் புராணக் காலத்துக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2014ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசிகளில் 'ஹெல்த்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. உடல்நலம் பற்றிய எல்லாத் தகவல்களையும் ஒரே இடத்தில் பதிந்து வைக்கலாம் என்பது அதன் பெருமை. உணவில் உள்ள சோடியத்தின் அளவைப் பதியலாம். இரத்தத்தில் கலந்த ஆல்கஹாலின் அளவைப் பதியலாம். ஆஸ்துமா இன்ஹேலரை எத்தனை முறை பயன்படுத்தினோம் என்று பதியலாம். மாதவிடாய்க்கு மட்டும் இடமில்லை. உலகத்தில் பாதிப் பேர் தலைமுறை தலைமுறையாக நாள்காட்டியில் வட்டம் போட்டுக் கணக்கு வைத்துவரும் ஒன்று, உடல்நலத்தின் பட்டியலில் விடுபட்டிருந்தது. பெண் இதழியலாளர்களும் பயனர்களும் அதைச் சுட்டிக்காட்டி எழுதினார்கள். மறு ஆண்டு, 2015இல் வந்த புதிய பதிப்பில் அது சேர்க்கப்பட்டது.

இதில் தீய நோக்கம் எதையும் தேட வேண்டியதில்லை. யோசித்த அறையில் அதை எடுத்துச் சொல்லும் குரல் இல்லை, அல்லது இருந்தும் எடுபடவில்லை. பின்னூட்டம் என்று நாம் சொல்வது அந்த அறைக்குள் தாமதமாகவேனும் போய்ச் சேரும் குரல். ஆகவே அது என்ன சொல்கிறது, எப்படிச் சொல்கிறது என்பது முக்கியமாகிறது.

என் சித்தி மகள் ஒருத்தி சென்னையில் மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கிறாள். அவளிடம் கேட்டேன். "அக்கா, 'மோசம்', 'வேலை செய்யல', 'பணம் போச்சு' இப்படித்தான் நூத்துக்கணக்குல வரும். அதை வெச்சு நாங்க எங்க போய்த் தேடறது? நீங்க என்ன செஞ்சீங்க, என்ன நடக்கும்னு நினைச்சீங்க, உண்மையில என்ன நடந்தது, இந்த மூணையும் எழுதினா போதும். எந்த போன், எந்த வெர்ஷன்னு சேர்த்துட்டா கும்பிடுவோம்" என்றாள்.

செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது. அவள் சொன்ன இந்த மூன்றும் எனக்குப் புதிதாகப் படவில்லை. கவிதைத் திறனாய்விலும் மாணவிகளிடம் இதைத்தான் கேட்கிறேன். 'நல்லா இல்லை' என்று எழுதாதே. எந்த வரியில் நின்றாய், அங்கே என்ன வரும் என்று எண்ணினாய், கவிதை உன்னை எங்கே கொண்டுபோய் விட்டது, அதை எழுது. பனுவலுக்குள் விரலை வைத்துக் காட்டுவதுதான் விமர்சனம். செயலியும் ஒரு பனுவல்தான். அதற்கும் ஆசிரியர் உண்டு, அவர் மனத்தில் ஒரு வாசகர் உண்டு. கடைசிப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் செயலியின் மனத்தில் இருந்தவருக்குக் குடும்பப் பெயர் இருந்திருக்கிறது. நம் மாணவி அந்த மனத்தில் இல்லை.

குற்றங்களை வகைப்படுத்தவும் நமக்கு வெளியே போக வேண்டியதில்லை. பவணந்தி முனிவரின் நன்னூல் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று பட்டியலிடுகிறது. அவற்றில் நான்கை மட்டும் கைப்பேசியின் மீது வைத்துப் பார்த்தோம். குன்றக் கூறல்: தொடர்பு எண்கள், இருப்பிடம், ஒலிவாங்கி என்று அனுமதி கேட்கும் செயலி, எதற்காக என்று சொல்வதில்லை. மிகைபடக் கூறல்: மளிகைச் சாமான் வாங்க வந்தவளிடம் பிறந்த நாளும் திருமண நிலையும் கேட்கிறது. மாறுகொளக் கூறல்: உங்கள் தகவல் எங்களிடம் பத்திரம் என்று முதல் பக்கத்தில் சொல்லிவிட்டு, யாரும் படிக்காத நாற்பதாம் பத்தியில் பங்காளி நிறுவனங்களுக்குத் தருவோம் என்கிறது. மயங்க வைத்தல்: 'சம்மதம்' என்ற பட்டன் பச்சையில் பெரிதாக இருக்கிறது, 'வேண்டாம்' என்பது சாம்பல் நிறத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மூலையில் கிடக்கிறது. மாணவிகள் அரை மணி நேரத்தில் பலகையை நிரப்பிவிட்டார்கள். ஒருத்தி சொன்னது என் மனத்தில் நின்றுவிட்டது. அவள் வீட்டில் அம்மா, அண்ணன், அவள் மூவருக்கும் ஒரே கைப்பேசி. மாதவிடாய்க் கணக்குச் செயலி ஒன்றை அதில் வைத்திருந்தாள். ஒரு நாள் மாலை அண்ணன் கையில் இருந்தபோது, 'நாளை உங்களுக்குத் தொடங்கலாம்' என்று பூட்டிய திரையின் மேலேயே அறிவிப்பு வந்தது. செயலி சொன்ன தேதியில் பிழையில்லை. ஒரு கைப்பேசிக்கு ஒரு ஆள்தான் என்று அது எண்ணிக்கொண்டதுதான் பிழை.

இப்படிப்பட்ட பின்னூட்டத்தை எழுதும்போது 'ஆக்கபூர்வமாக எழுதுங்கள்' என்ற அறிவுரை கூடவே வரும். இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டும். பெண்ணிடம் ஆக்கபூர்வமாகப் பேசு என்று சொல்லும்போது பல நேரங்களில் அதற்குப் பொருள், சிரித்துக்கொண்டு சொல், முதலில் இரண்டு நல்ல வார்த்தை சொல், குரலை உயர்த்தாதே என்பதுதான். குழம்பில் உப்புக் கூடினால் ஆண் ஒரு சொல்லில் சொல்லிவிடுவான். மாமியார் வைத்த குழம்பில் உப்புக் கூடினால் மருமகள் எத்தனை சுற்றுச் சுற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது! அந்தப் பழக்கத்தை நாம் திரைக்கும் கொண்டுவருகிறோம். 'தவறாக நினைக்காதீர்கள், எனக்குத்தான் தெரியவில்லையோ என்னவோ' என்று தொடங்குகிறோம். என் மாணவிகள் எழுதிய முதல் வரைவுகளில் பாதி இப்படித்தான் தொடங்கின. பிழை செயலியில் இருக்கும்போது மன்னிப்பை நாம் ஏன் கேட்க வேண்டும்?

ஆக்கம் என்ற சொல்லுக்கு உருவாக்குதல் என்பது பொருள். பின்னூட்டத்தை வைத்து எதிரே இருப்பவர் ஒன்றைக் கட்ட முடிய வேண்டும். அதுதான் அதன் தகுதி. இனிமை அதற்குக் கட்டாயமில்லை. வசையும் அதற்கு உதவாது. செயலியை எழுதிய இளைஞனோ இளம்பெண்ணோ மேலாளரின் காலக்கெடுவுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர்தான். அவரை அவமானப்படுத்தி நமக்கு ஆவது ஒன்றுமில்லை. குற்றத்தைக் குற்றம் என்று நேராகச் சொல்லி, எங்கே என்று காட்டி, எப்படி மாற வேண்டும் என்று கேட்டால் அது ஆக்கம். கோபம் அந்த வரிகளுக்கு இடையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படி எழுதுவதால் என்ன நடந்துவிடும் என்ற கேள்விக்கு ஒரு விடை 'ஃப்ளோ' செயலியின் வழக்கில் இருக்கிறது. மாதவிடாய், கருவுறுதல் பற்றிய விவரங்களைப் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் பதிந்துவைத்த செயலி அது. அந்த விவரங்கள் இரகசியமாக இருக்கும் என்று பயனர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்பதைக் காட்டும் குறிப்புகள்கூட ஃபேஸ்புக், கூகுள் முதலான நிறுவனங்களின் பகுப்பாய்வுப் பிரிவுகளுக்குப் போய்க்கொண்டிருந்தன என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2019 பிப்ரவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதைச் செய்தியாக வெளியிட்டது. அதைப் படித்த பயனர்களிடமிருந்து நூற்றுக்கணக்கான புகார்கள் நிறுவனத்துக்குப் போயின. பகிர்வது அதன் பிறகுதான் நின்றது என்று ஆணையம் தன் அறிவிப்பில் பதிவு செய்திருக்கிறது. 2021இல் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் இனி வெளிப்படையான சம்மதம் இல்லாமல் உடல்நலத் தகவலைப் பகிரக் கூடாது என்று கட்டுப்பட வேண்டியிருந்தது. பத்துக் கோடியோடு ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கு மிகச் சிறிய எண். செய்தித்தாளின் வேலையும் சட்டத்தின் வேலையும் சேர்ந்துதான் அதற்கு எடை கூட்டின. என்றாலும் அந்தப் பெண்கள் எழுதியது ஓர் அரசு ஆவணத்தில் ஒரு வரியாக நிற்கிறது. எழுதாமல் இருந்திருந்தால் அந்த வரி இருந்திருக்காது.

எல்லாப் பிழையும் இப்படிப் புகாரில் அகப்படுவதில்லை. சில செயலிகள் கொஞ்சமும் பிசகாமல் வேலை செய்யும், அதுதான் சிக்கல். சவூதி அரேபியாவின் உள்துறை அமைச்சகம் நடத்தும் 'அப்ஷர்' என்ற செயலியை எடுத்துக்கொள்ளலாம். கடவுச்சீட்டு, விசா, ஓட்டுநர் உரிமம் என்று பல அரசுச் சேவைகள் அதில் உண்டு. தன் காப்பில் உள்ள பெண் வெளிநாடு போகலாமா கூடாதா என்பதை ஆண் பாதுகாவலர் தீர்மானிக்கும் வசதியும் இருந்தது. அவள் எல்லையில் கடவுச்சீட்டைக் காட்டினால் அவருக்குக் குறுஞ்செய்தி வரும் ஏற்பாடும் இருந்தது. 2019இன் தொடக்கத்தில் உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. இதை உங்கள் கடையிலிருந்து எடுங்கள் என்று அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் ஆப்பிளுக்கும் கூகுளுக்கும் எழுதினார்கள். தன் விதிகளை அந்தச் செயலி மீறவில்லை என்பது கூகுளின் முடிவு.

தந்தையின் கைப்பேசியை எடுத்து அதே செயலியில் தமக்குத் தாமே அனுமதி கொடுத்துக்கொண்டு தப்பிய சவூதிப் பெண்களும் இருந்தார்கள். செயலியை நீக்கிவிட்டால் பாதுகாவலர் முறை நீங்கிவிடுமா? அது பழையபடி காகிதத்தில் தொடர்ந்திருக்கும். அந்த ஆண்டு ஆகஸ்டில், 21 வயது நிறைந்த பெண்கள் பாதுகாவலரின் அனுமதியின்றிக் கடவுச்சீட்டுப் பெறலாம், பயணம் போகலாம் என்று சட்டமே மாறியது. பெண்கள் பல ஆண்டுகளாக நடத்திய போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது; அவர்களில் சிலர் அப்போது சிறையில் இருந்தார்கள். எனவே குறிப்பு எழுதுவதற்கு முன் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: இது நிரல் எழுதியவரின் கைப்பிசகா, அல்லது மேலே யாரோ எடுத்த முடிவா? கைப்பிசகு என்றால் உருவாக்குநருக்கு எழுதலாம். முடிவு என்றால் அந்த முடிவை எடுத்தவரிடம் போக வேண்டும். தனியாகப் போனால் போதாது.

சேர்ந்து போனவர்களை நம் நாட்டிலேயே பார்த்தோம். ஒன்றிய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2021 மார்ச்சில் 'போஷன் டிராக்கர்' செயலியை அறிமுகப்படுத்தியது. குழந்தைகளின் எடை, உயரம், கருவுற்ற பெண்களுக்குத் தரும் உணவு எல்லாவற்றையும் அங்கன்வாடிப் பணியாளர்கள் அதில் பதிய வேண்டும். நாடு முழுவதும் ஏறத்தாழ 13 லட்சம் அங்கன்வாடிப் பணியாளர்கள். அத்தனை பேரும் பெண்கள். மராட்டியத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கைப்பேசிகளின் நினைவகம் சிறியது. செயலியை ஏற்றினால் கருவி திணறியது. பழுது பார்க்கும் செலவு அவர்கள் தலையில் விழுந்தது. பதிவுகளை ஆங்கிலத்தில் செய்ய வேண்டியிருந்தது. மராத்தியில் வேண்டும் என்று கேட்டுக்கேட்டுப் பார்த்தார்கள். அந்த ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான பணியாளர்கள் கைப்பேசிகளை அரசு அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார்கள்.

நான் படித்த பின்னூட்டங்களில் இதைவிடத் தெளிவான ஒன்றைப் பார்த்ததில்லை. வேண்டாம் என்று நீக்கிவிட்டு வேறு செயலிக்குப் போகும் உரிமை அவர்களுக்கு இல்லை. நட்சத்திரம் கொடுக்கும் இடத்தில் அவர்கள் வாடிக்கையாளர்களும் இல்லை. எந்த மொழி வேண்டும், எந்தக் கருவி வேண்டும், யார் செலவு செய்ய வேண்டும் என்று கோரிக்கையில் ஒன்று இரண்டு மூன்றாகச் சொன்னார்கள். கேட்க மறுத்தபோது கருவியையே மேசை மேல் வைத்தார்கள். பின்னாளில் அந்தச் செயலி தமிழ், மராத்தி உட்பட இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்திலும் இதேபோல் நடந்தது. வருகையைப் புகைப்படம் எடுத்து ஏற்றும் செயலி 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டபோது, படம் ஏறாததால் வேலை செய்த நாளுக்குக் கூலி போயிற்று என்று தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தருக்கு வந்து 100 நாள் போராட்டம் நடத்தினார்கள். அந்தத் திட்டத்தின் வேலையாட்களில் பாதிக்கு மேல் பெண்கள். இணைப்புக் கிடைக்காத ஏரிக்கரையில் நின்று கைப்பேசியைத் தூக்கிப் பிடிப்பவளுக்கு 'எங்களை மதிப்பிடுங்கள்' என்ற ஐந்து நட்சத்திரங்களால் என்ன பயன்?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பின்னூட்டம் ஓர் உழைப்பு. பிழையைக் கண்டுபிடித்து, படம் பிடித்து, விளக்கி எழுதுவதற்கு நிறுவனங்களில் சம்பளம் உண்டு; என் சித்தி மகள் வாங்குவது அந்தச் சம்பளம்தான். அதே வேலையை நாம் இலவசமாகச் செய்கிறோம். வீட்டில் எதையும் யாரும் சரியாக வைக்காதபோது பின்னாலேயே போய் எடுத்து வைப்பவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில் பெரிய நிறுவனங்களின் வீட்டையும் ஒழுங்குபடுத்திக் கொடுத்துவிட்டு 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்ற தானியங்கிப் பதிலோடு திரும்பக் கூடாது. எல்லாச் செயலிக்கும் எழுத வேண்டியதில்லை. எது நம் வாழ்க்கையின் வாசலில் நிற்கிறதோ, எதைத் தாண்டாமல் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கூலிக்கும் போக முடியாதோ, அதற்கு எழுதுவோம். மற்றவற்றை நீக்கிவிடலாம், நீக்குவதும் ஒரு கருத்துதான்.

கடைசிப் பெயரைக் கேட்ட செயலி எங்கள் வாசலில் நின்றது. ஆகவே வகுப்பில் அதையே பயிற்சியாக வைத்தேன். 500 எழுத்துக்குள் எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில் அவ்வளவுதான் கொள்ளும். 'வேஸ்ட்' என்று எழுதியவள் இரண்டு நாள் கழித்து எழுதிக்கொண்டு வந்தது ஏறத்தாழ இப்படி இருந்தது: 'பதிவுப் பக்கத்தில் என் பெயரையும் இனிஷியலையும் இட்டேன். ஏற்றுக்கொள்ளும் என்று நினைத்தேன். கடைசிப் பெயர் கட்டாயம், ஒற்றை எழுத்து செல்லாது என்று வந்தது. அப்பா பெயரை இட்டபின் என்னை அந்தப் பெயரால் அழைக்கிறது. என் சான்றிதழில் இருப்பது என் பெயரும் ஒரு எழுத்தும் மட்டுமே. முழுப்பெயர் என்று ஒரே கட்டம் போதும். என்னை எப்படி அழைப்பது என்பதை என்னைக் கேளுங்கள்.'

அவள் பெயர் வெளியே தெரியும் என்ற பயம் மட்டும் போகவில்லை. நியாயமான பயம்தான், துணிவு கொள் என்று மேடையிலிருந்து சொல்வது எளிது. எனவே வகுப்பில் இருந்த 22 பேரும் ஒரே நாளில், அவரவர் சொற்களில் எழுதினோம். என்னுடையதையும் என் பெயரில் போட்டேன். கூட்டத்தில் ஒரு பெயர் தனியாகத் தெரியாது. கல்லூரி அலுவலகத்துக்கும் ஒரு விண்ணப்பம், எல்லோருடைய கையெழுத்தோடும் கொடுத்தோம்.

யாரும் பதில் எழுதவில்லை. நான்கு மாதம் கழித்துச் செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. இரண்டு கட்டங்கள் ஒன்றாகியிருந்தன. கீழே 'உங்களை எப்படி அழைக்கலாம்?' என்று ஒரு வரி. அவள் தன் பெயரைத் தட்டச்சிட்டு எல்லோருக்கும் காட்டினாள். 'இந்தப் பதிப்பில் புதியது என்ன' என்ற இடத்தில் நிறுவனம் எழுதியிருந்தது: 'சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன.'

அவள் அதற்கும் ஒரு குறிப்பு எழுதினாள். இந்த முறை அழிக்கவில்லை. 'நன்றி. ஆனால் அது சிறு பிழை அல்ல.'